கைக்குள் இருந்த கழுத்து

விர்ஜில் ஸ்டோல்ட் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்த வட்டாரத்தில் எந்தப் பண்ணை விற்பனைக்கு வந்தாலும் ஏலம் கூறுவது அவர்தான். அவர் வாய் மூடி இருந்து யாரும் பார்த்ததில்லை.

"மார்லிஸ், சட்டுனு ஒரு சொடக்கு எடுத்து விடும்மா. இன்னிக்கு ஏலம் இருக்கு. இப்படிக் கோணக் கழுத்தோட போய் நின்னா, டிராக்டரும் கோணலோன்னு விலையைக் குறைச்சிருவானுங்க."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மார்லிஸ் டிரேஹரும் சிரித்தபடி அவரை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். கைரோபிராக்டிக் என்னும் முதுகெலும்பு வைத்தியம் பிறந்த டேவன்போர்ட்டிலேயே அதைப் படித்தவள் அவள். ஆளுக்குத் தகுந்த முறை வைத்திருந்தாள். எலும்பு மெலிந்துபோன இர்மா என்ற கிழவிக்கு அன்று காலை பேனா அளவுக் கருவியால் டிக் டிக்கென்று தட்டி மட்டும் விட்டிருந்தாள்; முறுக்கினால் தாங்காத உடம்பு அது. முதுகெலும்பு வட்டு பிதுங்கிய லாரி டிரைவர் ஒருவனை நடுவில் மடங்கும் மேசையில் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பை மெல்ல இழுத்து இழுத்து விட்டதில், காலை இழுத்துக்கொண்டு வந்தவன் ஓரளவு நிமிர்ந்து நடந்து போனான். விர்ஜிலுக்கு அதெல்லாம் ஆகாது. சத்தம் கேட்டால்தான் அவருக்கு வைத்தியம். பல வருஷமாக அவர் கழுத்தைக் கையாலேயே திருப்பி விட்டிருக்கிறாள். இறுக்கம் விட்டு, விசில் அடித்தபடி போவார்.

"எப்படிப் பிடிச்சுது?" என்று கேட்டுக்கொண்டே அவர் தலையைக் கையில் ஏந்தினாள்.

"கொட்டகைக் கூரைக்குப் பெயின்ட் அடிச்சேன். நாள் பூரா அண்ணாந்தே நின்னேன். இடது பக்கம் பிடிச்சிருச்சு. கூடவே தலைவலி."

"வழக்கமா வர்றதுதானே?"

"இல்லம்மா. இது வேற. கண்ணுக்குப் பின்னால குடையுது. நீ எடு, எல்லாம் போயிரும்."

விரல்கள் பழக்கத்தில் தாமாகவே இடம் பிடித்துவிட்டன. தலையைத் திருப்பி எல்லைக்குக் கொண்டுவந்துவிட்டாள். வெடுக்கென்று ஒரே ஒரு சின்னத் திருப்பு பாக்கி. அப்போதுதான் அவர் முகம் அவளுக்கு நேராக வந்தது. இடது இமை பாதி இறங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். இடது கண்மணி வலதைவிடச் சிறுத்திருந்தது.

அந்தத் தலையை முட்டையை வைப்பதுபோல் மேசையில் இறக்கினாள்.

"என்னாச்சு? சத்தமே வரலியே?"

"வராது. இமை இறங்கி, கண்மணி சிறுத்திருக்கு. கழுத்து ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள கிழிஞ்சிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. நான் திருப்பினா மூளைக்கே ஆபத்து. ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே."

விர்ஜில் எழுந்து உட்கார்ந்து தொப்பியை எடுத்தார். "பெயின்ட் அடிச்சதுக்கா ஆஸ்பத்திரி? பயந்தாங்கொள்ளி ஆயிட்டியேம்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கான். கேள்வியே கேக்காம முறிச்சு விடுவான்."

மார்லிஸ் கதவை மறித்து நின்றாள். "அவன்கிட்ட மட்டும் போகாதீங்க. வண்டியும் ஓட்டக்கூடாது. ட்வைலாவைக் கூப்பிடுறேன்."

"என் பெண்டாட்டியை எதுக்கு இழுக்கறே? வழிய விடு. ஜனங்க எனக்காக... எனக்காக கா... கா..."

வார்த்தை வரவில்லை. மறுபடி முயன்றார். வாய் அசைந்தது, குழறல்தான் வந்தது. ஊரையே பேச்சில் சுற்றி அடிக்கிற மனுஷன், தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். கண்களில் அப்படியொரு பயத்தை மார்லிஸ் அவரிடம் கண்டதேயில்லை.

"பேச வேணாம். படுங்க. நான் இங்கதான் இருக்கேன்." ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வண்டி வரும்வரை அவர் அவள் மணிக்கட்டை விடவேயில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பேச்சு திரும்பிவிட்டது. இடது கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்ததைப் படம் எடுத்துக் கண்டுபிடித்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

மார்லிஸுக்குத்தான் கை வரவில்லை. யார் கழுத்தைத் தொட்டாலும் அந்தச் சிறுத்த கண்மணி முன்னால் வந்து நின்றது. எல்லோருக்கும் கருவியாலேயே தட்டி அனுப்பினாள். சிலருக்கு அது போதுமானதாக இருந்தது; சிலர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

இலையுதிர் காலம் முடியும் தறுவாயில் ட்வைலா வந்தாள். கழுத்து இறுகிப்போய், திரும்பிப் பார்க்க முடியாமல் உடம்போடு திரும்பினாள்.

"டிக் டிக்கெல்லாம் எனக்கு வேணாம். கையால எடு."

"என்னால முடியல, ட்வைலா."

"அன்னிக்கு என் வீட்டுக்காரர் கழுத்தை இந்தக் கைதானே கீழ வெச்சுது? அதை நம்பித்தான் வந்திருக்கேன்."

மார்லிஸ் அவசரப்படவில்லை. இரண்டு கண்மணிகளையும் பார்த்தாள். தலைவலி உண்டா, மயக்கம் உண்டா, பார்வை இரட்டிக்கிறதா என்று கேட்டாள். கையைத் தூக்கச் சொன்னாள், பேசச் சொன்னாள், நடக்கச் சொன்னாள். குறை ஒன்றும் இல்லை. பிறகு தலையைக் கையில் வாங்கினாள். மெல்லத் திருப்பினாள். எல்லையில் நின்று, மூச்சை விட்டு, வெடுக்கென்று ஒரு சின்னத் திருப்பு.

சொடக்கென்று விழுந்தது.

ட்வைலா எழுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "அப்பாடா!" என்றாள். மார்லிஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.