பாலத்துக்கு இந்தப் பக்கம்

படம் வந்த மூன்றாவது வாரம், இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தபோது, கடைத்தெருத் தையல்காரர் திரைக்குள் ஓடிக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. சிரிப்புப் படம்தான். முன்பின் தெரியாத ஏழு பேர், பழைய மரப்பாலத்தின் நடுவில் தொங்கும் பணப்பைக்காக விழுந்தடித்து ஓடுகிறார்கள். முதலில் தொட்டவருக்கே பணம். கடைசியில் ஒருவர் தொடுகிறார், பாலம் முறிகிறது, தொட்டவர் ஆற்றில் விழுகிறார், அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. "இதுங்களுக்கு ஓடவே தெரியலடி. நானா இருந்தா இந்நேரம் பையோட வீட்டுல இருப்பேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் தையல்காரர் இடைவேளையில் டீ வாங்கப் போனார். டீ வரவில்லை. எட்டாவது ஆளாக உள்ளே போனவர், போன வேகத்தில் ஏழு பேரையும் முந்திவிட்டார்.

வில்லங்கமே அதில்தான். முந்துகிறவர் பையைத் தொடுவார், தொடுகிறவர் விழுவார். நடிகர்கள் விழுந்தால் கீழே மெத்தை போட்டிருப்பார்கள்; தையல்காரருக்கு யார் போட்டார்கள்? படம் ஓட்டும் ஆபரேட்டர் இரக்கமுள்ளவர். பாலம் வரும் கடைசி ரீலை எடுத்துப் பழைய சுவரொட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, மற்ற ரீல்களையே ஓட்டினார். முடிவில்லாத படத்துக்கு ஊர் சண்டைக்கு வரும் என்று தியேட்டர் முதலாளி பயந்தார். வரவில்லை. தெரிந்த மனிதர் வழுக்கி விழுவதைப் பார்க்கக் கூட்டம் இன்னும் கூடியது. அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவர்களே அதிகம் சிரித்தார்கள். மழைக்காலம் போய் வெயில் வந்தது. தையல்காரர் இளைத்தார். இடுப்பில் நிற்காத கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினார்; அந்த இடத்துக்குத்தான் விசில் பறந்தது. வெட்கங்கெட்ட ஊர்.

மனைவி ஒரு காட்சி விடாமல் பார்த்தாள். மற்ற நேரங்களில் அவர் வெட்டிவைத்துவிட்டுப் போன துணிகளைத் தைத்தாள். ஒரு நாள் அவருடைய செருப்பு அறுந்தது. வெறுங்காலில் ரத்தம் தெரிந்தது. அதற்கும் சிரித்தார்கள். அவள் எழுந்து ஆபரேட்டர் அறைக்கு ஏறிப்போனாள்.

"நாளைக்குக் கடைசி ரீல ஓட்டுங்கண்ணே."

"என்னம்மா பேசுற? ஆத்துல விழுந்துடுவாரு."

"விட்டா ஓடியே செத்துடுவாரு. மத்த இடத்துல எல்லாம் குறுக்கால ஓடுறாரு, என்னைப் பாக்கவே மாட்டேங்குறாரு. பாலத்துல மட்டுந்தான் நம்ம பக்கம் பாத்து ஓடி வருவாங்க. ஓட்டுங்க."

மறுநாள் அவள் ஒரு சட்டையோடு வந்தாள். வலக்கையை இடப்பக்கமும் இடக்கையை வலப்பக்கமும் வேண்டுமென்றே மாற்றி வைத்துத் தைத்திருந்தாள். தையல்காரருக்கு அது மட்டும் ஆகாது. ஒரு முறை அவளோடு பஸ்ஸில் போகும்போது, தெருவில் நின்ற யாரோ ஒருவரின் சட்டையில் கை மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, பாதி வழியில் இறங்கி, அந்த ஆளைக் கடைக்கே கூட்டிப்போய்ப் பிரித்துத் தைத்துக் கொடுத்தவர். அன்று அவள் தனியாகத்தான் வீடு போய்ச் சேர்ந்தாள்.

பாலம் வந்தது. தையல்காரர் முதல் பலகையில் கால் வைத்தபோது அவள் முன்வரிசை நாற்காலியில் ஏறி நின்று, வெளிச்சத்தில் சட்டையை விரித்துப் பிடித்தாள். அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஏழு பேரும் அவர்மேல் மோதி, ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள்.

"எவன்டி இதத் தைச்சது?"

"நான்தான். வந்து பிரிச்சுக் குடுங்க."

அவர் பாலத்தை விட்டுக் கரையோரமாக இறங்கி, திரையின் மூலை வழியாக வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பல்லால் நூலைக் கடித்துப் பிரிக்க ஆரம்பித்தார். அவள் அழுதாள். அரங்கத்தில் யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. திரையில் பாலம் காலியாக இருந்தது, பை காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "சும்மாத்தானே தொங்குது" என்று நடுவரிசையில் ஒரு குரல் கேட்டது. ஒரு நாற்காலி படீரென்று மடங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக. ஆபரேட்டர் பாலம் முறிவதற்குள் இயந்திரத்தை நிறுத்தி விளக்கைப் போட்டபோது, முன்வரிசையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள்.

கடைசி ரீல் மறுபடி சுவரொட்டிகளுக்குப் பின்னால் போனது. மற்றவை இன்றும் ஓடுகின்றன. மளிகைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், தியேட்டர் முதலாளி எல்லோரும் ஓடுகிறார்கள். வீட்டில் இருந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடைசி ரீலை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாமே என்று ஆபரேட்டர் கேட்டதுண்டு. தங்கள் ஆளை எதைக் காட்டி நிறுத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. குழந்தையைக் காட்டலாம் என்றாள் மளிகைக்காரர் மனைவி. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கடையில், திரைக்குள் ஓடுகிறவர்கள் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமல் போன துணிகள் தொங்குகின்றன. தையல்காரர் ஒவ்வொன்றாக இறக்கி, இடுப்பைப் பிரித்து, இரண்டு விரல் அளவுக்கு உள்ளே பிடித்துத் தைத்து வைக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடியும் பிரித்து, இன்னும் கொஞ்சம் பிடிக்கிறார்.