ஓரத்து மரங்கள்

யாராவது வீட்டுக்கு வந்தா என் வீட்டுக்காரர் அவங்களை மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவார், தைலமரம் காட்ட. அதுவும் வேலியோரத்து வரிசையை மட்டும். "பிடிச்சுப் பாருங்க, ரெண்டு கையும் கொள்ளாது"ம்பார். உள்ளே யாரையும் விடமாட்டார். விட்டா மானம் போயிடும்.

அது அவருக்கும் அவர் தங்கச்சிக்கும் பொதுவான நிலம். கன்னு நடுறப்பவே என் நாத்தனார் தலைபாடா அடிச்சுக்கிட்டா. "அண்ணே, வரிசைக்கு வரிசை முப்பதடியாவது விடுங்க. நிழல் மூடிட்டா புல்லு செத்துடும். என் மாடுங்க வேற எங்க போகும்?" பால் கறந்து விக்கிறதுதான் அவ பிழைப்பு. இவர் கேட்டாரா? "காலி இடம் விட்டா வெயிலைத்தான் அறுவடை பண்ணணும்"னு நக்கலடிச்சார். நானும் சேர்ந்து சிரிச்சேன். ஆறடிக்கு ஆறடின்னு நெருக்கி நட்டாச்சு.

இப்போ ஓரத்து மரம் மட்டும் வெளிச்சம் கிடைச்சுத் தடிச்சு நிக்குது. உள்ளே இருக்கிறதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டு உயரமாப் போயிருக்கு, கனம் என் மணிக்கட்டு அளவுதான். கீழே வெறும் சருகு. நாத்தனார் ரெண்டு மாட்டை வித்துட்டா. மிச்சத்துக்கு ரோட்டோரம் புல்லறுத்துச் சுமந்துட்டு வர்றா. எங்களை ஒரு வார்த்தை குத்திக் காட்டினதில்லை. திட்டித் தொலைச்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

நேத்து மர வியாபாரி வந்தார். இவர் வழக்கம்போல ஓரத்துலயே மடக்கப் பார்த்தார். அந்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை, டேப்பை எடுத்துக்கிட்டு நேரா உள்ளே போயிட்டார். திரும்பி வந்தப்போ முகமே சரியில்லை.

"பலகைக்கு ஒண்ணும் தேறாது. குச்சி விலைதான். மூணு வரிசைக்கு ரெண்டு வரிசைன்னு வெட்டி எடுத்தா மிச்சமாவது தடிக்கும். மாடு மேயுற நிலத்துல இப்படி நெருக்கி நடச் சொன்ன புண்ணியவான் யாரு?"

இவருக்கு முகம் சுண்டிப்போச்சு. அப்பத்தான் வந்து புல்லுக்கட்டை இறக்கி வச்சுட்டு நின்ன நாத்தனார், அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்தா.

"நான்தாங்க. நிறைய மரம் கிடைக்கும்னு நான்தான் அண்ணனை நச்சரிச்சேன்"னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இல்லைன்னு இவர் சொல்லுவார்னு பார்த்தேன். மனுஷன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "ஆமாங்க, கூடப் பிறந்தவ ஆசைப்படுறாளேன்னு விட்டுட்டேன்"ங்கிறார். நானாவது வாயைத் திறந்தேனா? அதுவும் இல்லை. வெளியாள் முன்னாடி புருஷன் மரியாதை போயிடக் கூடாதாம்.

வியாபாரி நல்ல மனுஷன். அவ பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி பொறுமையா எடுத்துச் சொன்னார். "மாடு வச்சிருக்கிறவங்க இடம் விட்டுத்தான் நடணும்மா. நடுவுல வெயில் விழணும், அப்பத்தான் புல்லும் வரும், மரமும் தடிக்கும். இதுகூடத் தெரியாமப் போச்சே உங்களுக்கு."

"இனிமே தெரிஞ்சுக்கிறேங்க"ன்னு அவ தலையாட்டினா.

நானும் இவரும் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னோம்.