தோலுக்கு அடிக்கும் லாக்கர்

நாகேந்திரன் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில், தோலுக்கு மேல்பூச்சு அடிக்கும் பிரிவின் ஃபினிஷிங் மேனேஜர். அந்த ஒரு தகுதியில், உலகத்தில் எதன்மேல் எதைப் பூசுவதானாலும் தன்னைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். புது வீட்டின் தேக்கு வாசற்கதவுக்குப் பாலிஷ் போட வந்த பூரணிக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது.

"மூணு நாளா உப்புத்தாள் வெச்சி தேய்ச்சிக்கினே கீறியே, இன்னா வேலைம்மா இது? எங்க கம்பெனில ஒரு நாளைக்கு ஆயிரம் தோலு அடிச்சி அனுப்புறோம்."

"தோலு வேற, மரம் வேற சார்."

"எனக்கே பாடமா?"

மறுநாள் கம்பெனியிலிருந்து தோலுக்குப் பளபளப்பு ஏற்ற அடிக்கும் லாக்கர் பூச்சு ஒரு கேன் கொண்டுவந்து வைத்தார். பூரணி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடினாள்.

"இது தோலோட சேந்து வளையற சரக்கு சார். கதவு மேக்கால பாத்து நிக்குது. வெயில் பட்டா இளகிப் பிசுபிசுன்னு ஆயிடும். நான் அடிக்க மாட்டேன்."

"அப்ப கெளம்பு. ஆளா கெடைக்காது?"

அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவரே ஸ்ப்ரே கன்னைப் பிடித்தார். கதவு கண்ணாடியாக மின்னியது. படம் எடுத்து ஊருக்கே அனுப்பினார்.

கிரகப்பிரவேசம் சித்திரையில். மதியப் பந்தியின்போது வெயில் வாசலுக்கு வந்தது. வாசலில் தொங்கவிட்ட பூமாலையின் சாமந்தி கதவோடு ஒட்டிக்கொண்டது. சாய்ந்து நின்ற மாமியாரின் பட்டுப்புடவையைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"பாலிஷ் போட்ட பொம்பள ஏமாத்திட்டா" என்று நாகேந்திரன் எல்லோரிடமும் சொன்னார். அதைக் கேட்ட விருந்தாளிகளில் இரண்டு பேர் பூரணிக்குக் கொடுத்திருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று அவளுக்குச் சொன்னவர் அந்தக் கதவைச் செய்த தச்சர் ஷபீ அஹமது.

நான்காம் நாள் நாகேந்திரன் போன் செய்தார். "மேல ஒரு கோட் அடிச்சி மறைச்சி குடும்மா."

பூரணி நேரில் போனாள். "மறைக்க முடியாது. மொத்தமும் சுரண்டி எடுக்கணும். அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு பேருக்கும் போன் போடுங்க. இத யாரு அடிச்சதுன்னு சொல்லுங்க."

"இன்னாம்மா, இதெல்லாம் ஒரு விஷயமா?"

"அப்ப வர்றேன் சார்."

அவள் திரும்பியதும், உள்ளே நின்றிருந்த அவர் மனைவி அம்பிகா, "போடுங்க. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் கதவத் தொடப் பயப்படறாங்க" என்றாள். நாகேந்திரன் போட்டார். 'நான்தான் அடிச்சேன்' என்று சொல்லும்போது அவர் குரல் கொசு ரீங்காரமாகச் சிறுத்தது. பூரணி இரண்டு போனும் முடியும்வரை அசையாமல் நின்று கேட்டாள். பிறகு பூச்சைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்தாள்.

சுரண்டி, தேய்த்து, மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் போட்டு, மேல்பூச்சு முடிய ஒரு வாரம் ஆனது. கடைசி நாளில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தடவிப் பார்த்து வியந்தார்.

"எல்லாம் நான் கிட்ட நின்னு சொல்லச் சொல்லத்தான் போட்டா" என்றார் நாகேந்திரன்.

பூரணியின் காதில் அது விழுந்தது. பூச்சு படாமலிருக்கத் தாழ்ப்பாளைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தாள்.