இடப்பக்கம் இழுத்த துவக்கு

வட லண்டனில் வேட்டைத் துவக்குகளைத் திருத்தும் பட்டறை ஒன்றில் கிறிஸ்துராஜாவுக்கு மரவேலை. மான் வேட்டைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள், குறி தவறுகிறது என்று துவக்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தங்கள் கை நடுங்கியது என்று ஒருவராவது சொன்னதில்லை. ஆனாலும் சில வேளை பழி துவக்கின் மேல்தான். ஈரத்தில் ஊதிய மரக்கட்டை இரும்புக் குழலை ஒரு பக்கமாக நெருக்கும். குண்டு விலகிப் போகும். அவன் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு கடதாசியை நுழைத்து இழுப்பான். சிக்குகிற இடத்தில் மரத்தைச் சீவுவான். கடதாசி தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது. அப்படி முடிகிற ஒவ்வொரு முறையும், குறி பார்க்காமலே துவக்கைக் கீழே வைத்துவிடுவான்.

ஊரில் தச்சுவேலை செய்த காலத்தில் இந்த வேலையை அவன் ஒரே ஒருமுறைதான் செய்தான். எண்பத்தைந்தில் இயக்கக்காரர் இரண்டு பேர், அதே ஊர்த் தில்லையம்பலத்தாரிடமிருந்து பறித்த வேட்டைத் துவக்கோடு வந்து, காட்டுப்பன்றிக்கு, குறியை நேராக்கித் தா என்றார்கள். நம்பினான் என்றால் பொய், நம்ப விரும்பினான். நாலாம் நாள் தில்லையம்பலத்தார் தன் வாசலிலேயே அந்தத் துவக்கின் ஒரே வெடியில் செத்தார். அகதி விண்ணப்பத்துக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அவனை விசாரித்தபோது, ஊரில் ஆயுதம் எதையும் கையால் தொட்டதில்லை என்று சொல்லிக் கையெழுத்து வைத்தான். முடிவு இன்னும் வரவில்லை.

எண்பத்தெட்டு ஒக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம், தில்லையம்பலத்தாரின் மனைவி தவநாயகி கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் அவன் தங்கியிருந்த அறைக்கு வந்தாள். கணவர் சுடப்பட்டதற்கு ஊர்க்காரர் ஒருவரின் சாட்சிக் கடிதம் இல்லாவிட்டால் தன் அகதி விண்ணப்பத்தைக் குரோய்டனில் நம்பமாட்டார்களாம், தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கடதாசியை மேசையில் வைத்து, தெரிந்ததை எழுதித் தாங்கோ அண்ணை என்றாள். நாலு வரி போதும், துவக்கைப் பற்றி ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினான். அவள் தன்பாட்டில் பேசினாள்.

“அவங்கள் துவக்கை நீட்டேக்க, உள்ள ஓடி வாங்கோ எண்டு கத்தினனான். இவர் அசையேல்லை. அது என்ர துவக்கடியப்பா, எப்பிடிப் பிடிச்சாலும் இடப்பக்கத்து வேலியிலதான் படும் எண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டவர்.”

அவன் கை நின்றுவிட்டது. அந்தத் துவக்கு இல்லாவிட்டால் வேறொன்றால் கொன்றிருப்பார்கள் என்று மூன்று வருடமாகத் தன்னைத் தேற்றிவந்தான். அந்த ஆறுதலும் போயிற்று. வேறு துவக்கென்றால் மனிதர் ஓடியிருப்பார். பழைய கோணலை நம்பி நின்றவரைக் கொன்றது அவனுடைய உளி.

வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தால் அவள் நன்றி சொல்லிவிட்டுப் போவாள். உண்மையை எழுதினால் குரோய்டனில் அவன் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதரின் சிரிப்பு அறைக்குள் வந்து நின்றுவிட்டது.

“அதை நேராக்கினது நான்,” என்றான். “மரத்தைச் சீவினது என்ர கைதான்.”

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு கடதாசியை அவன் பக்கம் தள்ளினாள்.

“அதையும் எழுதுங்கோ,” என்றாள். இந்த முறை அண்ணை என்று சொல்லவில்லை.