வீடு இறங்கிய இடம்

செத்துப்போன கணவனின் அண்ணன் மத்தோலா, வாழைத்தாரோடு படியேறி வந்த அன்றே பெஸ்ஸேவுக்குச் சந்தேகம் தட்டியது. தம்பி சாவுக்கே வெறுங்கையை வீசிக்கொண்டு வந்த மனிதர் அவர்.

"ஒன் வீட்டைப் பாரம்பரியச் சின்னமா ஆக்கப் போறாங்க பெஸ்ஸே. நாந்தான் ஆபீசுல சொல்லி ஏற்பாடு பண்ணேன்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்," என்று அவள் முணுமுணுத்தாள்.

"என்ன சொன்னே?"

"படி வழுக்குதுன்னு சொன்னேன், மச்சான்."

வீடு சின்னதுதான், மரக்கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு. டச்சுக்காரனோடு சண்டை நடந்த காலத்தில், காயம்பட்ட பையன்களை நெல் வைக்கும் மச்சில் ஒளித்து வைத்து ஊர்ப் பெண்கள் பிழைக்க வைத்தார்கள். அந்த மரியாதை வீட்டுக்குத் தகும். ஆனால் வீடு பெஸ்ஸேயுடையது, மண் மத்தோலாவுடையது. புகிஸ் இனத்தாரின் ஊர்களில் அது புதிதில்லை. வேண்டுமானால் நூறு பேர் தோள்கொடுத்து வீட்டை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைப்பார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் அம்மா வழியில் வந்த மிளகாய்க் கொல்லை அவளுக்கு இருந்தது. ஆனால் ஊரைக் கூப்பிட்டு விருந்து போட அவளிடம் என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் மத்தோலா கூட்டி வந்த இரண்டு பேர் வீட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மண்ணைத்தான் அளந்தார்கள். மூங்கில் தரையின் இடுக்கில் காதை வைத்துப் படுத்திருந்தாள் பெஸ்ஸே.

"பெட்ரோல் பங்குக்கு இது தாராளம். லாரியே திரும்பலாம்," என்றான் ஒருவன்.

மண்ணைக் காலி பண்ணத்தான் பாரம்பரியச் சின்னம் என்ற பேச்சே என்று அவளுக்குப் புரிந்தது. இந்த வீடு போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

பண்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்த இர்வான் சின்ன வயசு, சிரித்த முகம். அந்தச் சிரிப்பையும் அவள் நம்பவில்லை.

"வீட்டைக் கொண்டுபோய் நகரத்துப் பூங்காவுல வெச்சுக் கண்ணாப் பாத்துக்குவோம்மா. நீங்கதான் மகனோட மக்காசார் போறீங்களாமே. எப்ப வேணா வந்து பாருங்க, டிக்கெட் கிடையாது."

அவளுக்கு ஏது மகன்? இவனும் கூட்டுக்களவாணிதான் என்று வாயை இறுக்கிக்கொண்டாள். திருடன் யார், போலீஸ் யார் என்று தெரியாத இடத்தில் பேசி என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமை, வீட்டைத் தூக்கி நகரத்து லாரியில் ஏற்ற ஊரே திரண்டு வந்தது. மத்தோலா கூப்பிட்டால் காக்காய்கூட வராது. அதனால் அவர் வீடு வீடாகப் போய், "பெஸ்ஸே கூப்பிடறா" என்று சொல்லியிருந்தார். விருந்துச் செலவும் அவருடையதே. போட்டோவில் விழ வேண்டும் என்று வீட்டுக்கு அடியில் கட்டிய முன்கழியை அவரே தோளில் தாங்கினார்.

ஒலிபெருக்கி பிடித்திருந்த ஊர்ப் பெரியவர் அம்போ உப்பே தூக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். வீடு ஒரு முனகலோடு மண்ணை விட்டு எழும்பியது. அப்போது உப்பே அவள் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்காரி நீதான் எடம் சொல்லணும், தங்கச்சி. நேரா லாரிக்கா?"

வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் பெஸ்ஸே நிமிர்ந்து நின்றாள். இத்தனை தோள்களும் அவள் பேரைக் கேட்டு வந்தவை.

"லாரி வேணாண்ணே. ரோட்டத் தாண்டி என் மிளகாக் கொல்லைக்கு!"

"ஏய், நில்லுங்கடா!" மத்தோலா அலறினார். ஆனால் கழியை விட்டால் வீடு அவர் தலையில்தான் சாயும்.

"நின்னா இடுப்பு ஒடிஞ்சிடும் பெருசு, நடங்க!" பின்னாலிருந்து தள்ளினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் நடந்தார்.

இர்வான் மூச்சிரைக்க ஓடி வந்தான். "என்னம்மா இது? மகன் கிட்டப் போறதாச் சொன்னாங்களே!"

"எனக்குப் புள்ளையே இல்ல, தம்பி."

அவன் திரும்பி மத்தோலாவை முறைத்தான். "அப்ப இங்கயே இருக்கட்டும்மா. ஊரு காப்பாத்துன வீடு ஊர்லயே இருக்கறதுதான் சரி. சின்னம்னு பலகை இங்கயே வெக்கிறேன்."

இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே வீடு இறங்கியது. அவள் நடுக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூக்கிய ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே காபி கொடுத்தாள். வீட்டுக்காரி அப்படித்தான் செய்ய வேண்டும். மத்தோலா கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"பயப்படாமக் குடிங்க மச்சான்," என்றாள் பெஸ்ஸே. "நீங்க வாங்கிப் போட்ட சக்கரைதான்."