ஏழாம் தடத்து வாடிக்கையாளர்கள்

குளிர்பானக் கம்பெனியின் கணக்கைப் புரட்டிப் பார்த்து, பணம் போடலாமா கூடாதா என்று முதலீட்டாளர்களுக்குச் சொல்வது அவள் வேலை. இந்த முறை அவள் வாய்ச்சொல்லுக்குக் காத்திருந்தவர்களில் சொந்த அண்ணனும் ஒருவர். ஓய்வு பெற்றபோது வந்த பணம் மொத்தத்தையும் போட்டுவிட ஒற்றைக் காலில் நின்றார். அண்ணி படுத்த படுக்கையாகி மூன்று வருஷம். வைத்தியச் செலவு கழுத்தை நெரித்தது. கம்பெனியின் அடுத்த ஆலை வேறு அவர் வீட்டுக்குப் பின்னாலேயே வரப்போகிறதாம். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

லாபம் வருஷா வருஷம் ஏறியிருந்தது. பொய் பில்லை மேஜையில் உட்கார்ந்தே எழுதிவிடலாம், காலி பாட்டிலை அப்படி எழுதி உண்டாக்க முடியாது என்பது அவள் கட்சி. அதனால் திரும்பி வந்த கண்ணாடி பாட்டில்களை எண்ணினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் கூடுதல் விற்பனை முழுக்க ஒரே லாரித் தடத்தில்தான் இருந்தது. ஏழாம் தடம், ஆலையை ஒட்டிய தெருக்கள். வெயில் அதிகம், அங்கே போக வேண்டாம் என்று மேனேஜர் அக்கறையாகச் சொன்னார். அது போதாதா? மறுநாள் காலை லாரியில் ஏறிவிட்டாள்.

தெருவில் எல்லா வீட்டிலும் துருப்பிடித்த பூட்டு. ஆலை ஆழ்துளைக் கிணறு தோண்டிய இரண்டாம் வருஷமே தண்ணீர் வற்றி, ஊர் காலியாகிவிட்டது என்று டிரைவர் சாவகாசமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெட்டியை இறக்கினார். தெருமுனையில் எஞ்சினை அணைத்தார். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார்.

பின்னால் கண்ணாடி உரசியது. பிறகு மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம், தெரு நெடுக. சத்தம் ஓயும்வரை அவள் திரும்பவில்லை.

திரும்பிப் போனபோது பாட்டில்கள் காலி. மேலே பணம். நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் நல்ல நோட்டு.

"யாரு இவங்க?"

"ஊரை விட்டுப் போக முடியாம செத்தவங்கம்மா. கடன்னு சொன்னதே இல்ல. வாரத்துக்கு வாரம் தாகம்தான் கூடிக்கிட்டே போகுது."

அறைக்கு வந்து, அறிக்கையில் எழுத ஒரு குறை கிடைக்காதா என்று மாலை வரை தேடினாள். விற்பனை நிஜம், பணம் நிஜம். அதற்குள் அண்ணனே போன் செய்துவிட்டார். வாங்குகிறவர்கள் பின்னால் குறைந்துவிடுவார்களா என்பதுதான் அவருக்குக் கவலை.

"குறைய மாட்டாங்கண்ணா. கூடத்தான் செய்வாங்க."

"அப்ப போட்டுடறேன்."

"பணத்தை விடுங்க. அந்த வீட்டுல இருக்காதீங்க. ஆலை வர்றதுக்குள்ள அண்ணியைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிடுங்க."

கணக்குப் பார்க்கப் போன இடத்தில் தலை சுற்றிவிட்டதா என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"உங்க அண்ணி கட்டிலை விட்டே எறங்க முடியாம கெடக்கா. அவளைத் தூக்கிக்கிட்டு நான் எங்கம்மா போறது?"