இருப்பு ஒன்று

பம்பு உதிரிபாகக் கிடங்கில் அவரை எல்லாரும் "கையண்ணன்" என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனி முதன்முதலில் இணையதளம் ஆரம்பித்தபோது, படத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்குச் சாமான் பெரிதா சிறிதா என்று பிடிபடவில்லை. பெரிய மூடி என்று நினைத்துக் கேட்டுவிட்டு, வந்தது சட்டைப் பொத்தான் அளவு இருக்கிறதே என்று சண்டைக்கு வந்தார்கள். அதனால் ஒவ்வொரு சாமானையும் ஒரு கையோடு சேர்த்துப் படம் எடுப்பதென்று முடிவானது. அந்த நேரத்தில் சும்மா இருந்தது இவர் கைதான். அன்று மாட்டியவர் மூவாயிரத்துச் சொச்சம் படத்துக்குக் கையைக் கொடுத்துவிட்டுத்தான் மீண்டார்.

"ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச கை. மூஞ்சிதான் ஒருத்தருக்கும் தெரியாது" என்று பொதி கட்டுகிறவர்கள் சீண்டுவார்கள்.

"மூஞ்சியப் போட்டிருந்தா ஒரு வாஷர்கூட வித்திருக்காதுடா" என்பார் இவர்.

இந்தச் சிரிப்பெல்லாம் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான். கிடங்கைப் பூட்டி வீட்டுக்குப் போனால் வாயைத் திறக்க வேலை இல்லை. ஒரு அறை, ஒரு அடுப்பு, கழுவ ஒரு தட்டு. இன்னொரு தட்டு அலமாரியில் கவிழ்த்தபடியே நாலு வருஷமாகக் கிடந்தது.

அந்த வருஷம் இணையதளத்துக்கு நாள் குறித்தார்கள். அது ஓடுகிற மென்பொருளைச் செய்தவர்கள், இன்னும் மூன்று மாதம்தான், அதற்குமேல் இந்தப் பழைய பதிப்பைக் கவனிக்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். புதியதற்கு மாற்றித் தர மேலாளர் அம்மா வெளியிலிருந்து ஒரு ஆளைப் பிடித்துவந்தார். ஐம்பதை எட்டிப்பிடிக்கும் வயசு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிற ரகம்.

முதல் கூட்டத்தில் மேலாளர் அம்மா கேட்டார். "அந்தத் தேதிக்கு அப்புறம் தளம் நின்னுபோயிடுமா?"

"நிக்காது மேடம், அது பாட்டுக்கு ஓடும். ஆனா ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் வராது. எவனாவது உள்ள பூந்து வாடிக்கையாளர் விவரம் பூராவையும் அள்ளிட்டுப் போவான், நாம வேடிக்கை பார்க்கணும்" என்றார் இணையதளக்காரர். "வீடு மாத்துற மாதிரிதான் இது. எதை எடுத்துட்டுப் போறோம், எதை விட்டுட்டுப் போறோம்னு இப்பவே பிரிச்சிட்டா, கடைசி நாள்ல அடிச்சுப் பிடிச்சு ஓட வேண்டாம்."

மேலாளர் அம்மா இழுக்கிற ஆள் இல்லை. "அலமாரியில இருப்பு இருந்தா அந்தச் சாமானோட பக்கம் புதுத் தளத்துக்குப் போகட்டும். இருப்பு பூஜ்யம்னா பக்கமே வேணாம். இனிமேலும் அப்படித்தான், பூஜ்யமானா தானா மறையணும். இல்லாத சாமானைக் காட்டி எவ்வளவு நாள் ஏமாத்துறது? அண்ணே, நீங்க கூட உட்கார்ந்து சரிபாருங்க."

அப்படித்தான் மூட்டை தூக்குகிற மனுஷருக்கு மூன்று வாரம் நாற்காலி கிடைத்தது. இணையதளக்காரர் ஒவ்வொரு பக்கமாகத் திறப்பார். இவர் திரையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பார். படித்து முடித்ததும் எழுந்துபோய் அலமாரியில் எண்ணிவிட்டு வருவார். அவசரப்படுத்தினால் வரி தப்பிவிடும். நாற்பத்து நாலு வயசில் கற்ற எழுத்து, அதட்டினால் ஓடி ஒளிந்துகொள்ளும். இணையதளக்காரர் அதைப் புரிந்துகொண்டு, இவர் படிக்கும்போதெல்லாம் கண்ணாடியைத் துடைப்பார். ஒரே கண்ணாடியை ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் துடைப்பது, பாவம்.

இரண்டாம் வாரத்தில் அந்தப் பக்கம் வந்தது.

சின்னப் பித்தளை வால்வு, விரல் நுனி அளவுதான். விற்றுத் தீர்ந்து ஆறு வருஷமாகிறது. மற்ற படங்களில் சாமானுக்குப் பக்கத்தில் கை இருக்கும். இது உருண்டு ஓடுகிற சாமான் என்பதால் உள்ளங்கையிலேயே வைத்து எடுத்திருந்தார்கள். வால்வுக்குப் பக்கத்தில், கையில், நீல மையில் ஒரு எழுத்து. ஞ.

"இருப்பு பூஜ்யம். தூக்கிடலாமா?" என்ற இணையதளக்காரர், சட்டென்று முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இருங்க. இதை யாரோ விடாம பார்க்கிறாங்களே! வாரத்துக்கு ஒரு தடவை. திங்கட்கிழமை, காலையில எட்டேகால் வாக்கில. எல்லாம் ஒரே ஊர்ல இருந்து."

"எந்த ஊரு?"

அவர் சொன்ன ஊர், மகள் இருக்கிற ஊர்.

கையண்ணன் எண்ணிப் பார்க்கிற சாக்கில் எழுந்துபோய் அலமாரிகளுக்கு நடுவே நின்றார்.

மனைவி போன பிறகு அவரும் மகளுமாகத்தான் இருந்தார்கள். பெண் பள்ளிக்கூடம் கிளம்பும் முன், அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து ஒரு எழுத்தை எழுதிவிட்டுப் போவாள். "சாயங்காலத்துக்குள்ள நூறு தடவை எழுதியிருக்கணும். அழிச்சிட்டு வந்தீங்க, தொலைச்சிடுவேன்." இவர் பழைய அட்டைப்பெட்டிகளின் முதுகில் எழுதி எழுதிப் பார்ப்பார். ஞ மட்டும் வசப்படவே இல்லை. நாலு நாள் அதுவே கையில் இருந்தது. அந்த நாலு நாளில் ஒரு நாள்தான் வால்வைப் படம் எடுத்தார்கள். படம் தளத்தில் வந்தபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, உங்க வீட்டுப்பாடம் உலகம் பூரா தெரியுது!"

அதே கதையை அவள் கல்யாணம் பேச வந்தவர்கள் முன்னாலும் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். "எங்கப்பாவுக்கு நான்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன்." வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்புதானோ என்னவோ. இவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நீ யாருடி எனக்குச் சொல்லிக்கொடுக்க? ஒரு எழுத்தும் நான் உன்கிட்டக் கத்துக்கல" என்று அத்தனை பேர் நடுவிலும் கத்திவிட்டார். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் நடந்தது. இவர் போகவில்லை. பிறகு அவள் போன் எண் மாறியது. யார் முதலில் பேசுவது என்பதிலேயே நாலு வருஷம் போய்விட்டது.

இப்போது ஒருத்தி திங்கட்கிழமைதோறும் வந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

திரும்பி வந்து, தட்டுத் தடுமாறி, இணையதளக்காரரிடம் பாதியைச் சொன்னார். மீதியை அவரே புரிந்துகொண்டார்.

"அண்ணே, அந்த ஊர்ல லட்சக்கணக்குல சனம் இருக்கு."

"இருக்கட்டும். இந்தக் கையை வாராவாரம் பார்க்க வேற யாருக்குத் தலையெழுத்து?"

"படத்தை உங்க போனுக்கு அனுப்பிடட்டுமா? உங்ககிட்டயே இருக்கும்."

"எனக்கு எதுக்கு? பார்க்கிறது நான் இல்லையே."

இணையதளக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். "பூஜ்யம்னா போகாது. அது அம்மா போட்ட விதி. ஒண்ணு இருந்தாலும் நான் ஏத்திடுவேன்."

அன்றிலிருந்து கையண்ணன் கிடங்கைத் தலைகீழாக்கினார். மத்தியானச் சோற்றுக்கு விடுகிற நேரத்தில் மேல்தட்டு, கீழ்த்தட்டு, மாடிப்படிக்கு அடியில் கிடந்த பெட்டி என்று ஒன்றையும் விடவில்லை. "அண்ணன் புதையல் தேடுறாரு, கிடைச்சா பங்கு கேளுங்கடா" என்றார்கள். ஒன்பதாம் நாள், எப்போதோ வேண்டாமென்று திருப்பியனுப்பிய சாமான்கள் கிடந்த பெட்டியின் அடியில், தூசியோடு தூசியாக ஒன்று அகப்பட்டது. வாடிக்கையாளர் அளவு தப்பாகக் கேட்டுவிட்டுத் திருப்பியது, உறைகூடக் கிழிக்கவில்லை. ஊதிப் பார்த்தார், தண்ணீர் விட்டுப் பார்த்தார். பொட்டு ஒழுகவில்லை.

"ஒண்ணே ஒண்ணுக்காக ஒரு பக்கமா?" என்றார் மேலாளர் அம்மா, பட்டியலைப் பார்த்துவிட்டு.

"இருப்பு இருந்தா போகணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்றார் இணையதளக்காரர், பச்சைப்பிள்ளை மாதிரி.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னமோ பண்றீங்க. சரி, போகட்டும்."

மென்பொருள்காரர்கள் கைவிடுகிற தேதிக்கு ஐந்து நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தளம் புதுசுக்கு மாறியது. ஆர்டர், முகவரி, படம் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன. வால்வுப் பக்கத்தில் ஆறு வருஷமாக "இருப்பில் இல்லை" என்றிருந்த இடத்தில் இப்போது "இருப்பு: 1". அதைப் பார்த்தால் அவளுக்குப் புரியும், அப்பா தேடி எடுத்து வைத்திருக்கிறார் என்று. அன்று வீட்டில் அலமாரியிலிருந்த இரண்டாவது தட்டையும் எடுத்துக் கழுவி வைத்தார். அவள் உடனே வந்துவிடப் போகிறாளா என்ன? இருந்தாலும் கழுவி வைத்தார்.

திங்கட்கிழமை ஏழரைக்கே வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் கோளாறு வந்தால் பார்ப்பதற்காக இணையதளக்காரரும் வந்திருந்தார். எட்டு. எட்டேகால்.

எட்டு பதினேழுக்கு அச்சு இயந்திரம் கர்ரென்றது. ஆர்டர் சீட்டு. பித்தளை வால்வு, ஒன்று.

"அந்த ஊர்தான்" என்றார் இணையதளக்காரர், எட்டிப் பார்த்து.

கையண்ணன் சீட்டை வாங்கி விரலை வைத்துப் படித்தார். முகவரியில் இருந்தது ஒரு பம்பு பழுதுபார்க்கும் கடை. பெயர் ஒரு ஆம்பளைப் பெயர். மருமகன் பெயரும் இல்லை. அதற்குக் கீழே குறிப்பு நீளமாக இருந்தது. அதையும் படித்தார்.

"ஆறு வருஷமாகத் திங்கட்கிழமை கடை திறந்ததும் இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். இன்றைக்கு ஒன்று இருக்கிறது என்று பார்த்ததும் உடனே கேட்டுவிட்டேன். தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இது இல்லாமல் எங்கள் அப்பா வாங்கிய பம்பு மூலையில் கிடக்கிறது. இன்னொன்று. படத்தில் அந்தக் கையில் மங்கலாக ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன? ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தேன்."

படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. இணையதளக்காரர் கண்ணாடியைத் துடைக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

"அடிபட்ட சாமான், அனுப்ப முடியலன்னு எழுதிடுங்கண்ணே" என்றார் மெதுவாக. "இருப்பு ஒண்ணுன்னே கிடக்கட்டும். நான் எதையும் பார்க்கல."

கையண்ணன் வால்வை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மூட்டை தேய்த்துத் தேய்த்துக் கை வழவழவென்று ஆகியிருந்தது, ரேகையைக்கூடத் தேட வேண்டியிருந்தது. திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இந்த ஒரு மாதத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது. அந்த மனுஷன் ஆறு வருஷம் காத்திருக்கிறான்.

"அனுப்பிடுவோம்" என்றார்.

சின்னப் பெட்டியாகப் பார்த்து எடுத்தார். தாளைக் கசக்கி அடியில் மெத்தை போட்டு வால்வை வைத்தார். மூடப் போனவர் நிறுத்தி, பேனாவை வாங்கி, பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எழுத ஆரம்பித்தார். முதலில் ஞ. நாலு நாள் கையில் சுமந்த எழுத்து, இப்போது ஒரே இழுப்பில் வந்தது. அதற்குக் கீழே, வரி கோணாமல், நிதானமாக:

"இது ஞ. என் மகள் எழுதியது. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்."

ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டினார். இணையதளக்காரர் திரையில் "அனுப்பப்பட்டது" என்பதை அழுத்த, இருப்பு பூஜ்யமானது. பக்கம் மறைந்தது. அம்மா சொன்னபடியே இணையதளக்காரர் வேலை செய்திருந்தார், குறை சொல்ல முடியாது.

அச்சு இயந்திரம் மறுபடியும் கர்ரென்றது. கையண்ணன் சீட்டைக் கிழித்து விரலை வைத்தார். அரை அங்குல வளைவுக் குழாய், பத்தொன்பது. எண்ணி எடுக்க உள்ளே போனார்.